தோற்கப்போகிறவருக்கு ஓட்டுப் போடுவது வீணா?

2024 ஏப்ரல் 23. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடந்தது. டொனால்ட் டிரம்ப்தான் அதிபர் வேட்பாளர் என்பது மார்ச் மாதமே முடிவாகிவிட்டது. அவரை எதிர்த்துக் கடைசிவரை தாக்குப்பிடித்த நிக்கி ஹேலி, மார்ச் 6-ம் தேதியே 'நான் விலகிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். ஓட்டுச்சீட்டில் மட்டும் அவர் பெயர் அப்படியே இருந்தது.

ஓட்டுகளை எண்ணிப் பார்த்தால், ஹேலிக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல்! அதாவது 100 பேரில் 16 பேருக்கும் அதிகமாக, ஏழு வாரங்களுக்கு முன்பே களத்தைவிட்டுப் போன ஒருவருக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து குத்திவிட்டுப் போனார்கள் என்றும் சொல்ல முடியாது. பென்சில்வேனியாவில் அந்தந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் அந்தந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம்.

வேலையை விட்டுவிட்டு வந்து, தோற்றுப்போனவருக்கு ஓட்டுப் போட்டார்களே, இவர்களுக்கு என்ன ஆச்சு?

இது அமெரிக்கர்களுக்குப் புதிய கேள்வி இல்லை. கட்சிக்குள் ஒருவர் முந்திக்கொண்டு ஓடும்போது, அவர் வேண்டாம் என்று நினைக்கிற கட்சிக்காரர்கள் என்ன செய்வது? பிடித்தவருக்கே ஓட்டா, ஜெயிக்க வாய்ப்புள்ள இன்னொருவருக்கா, அல்லது 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடுவதா? ஐம்பது, அறுபது ஆண்டுகளாக அவர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். சில முறை ஜெயித்திருக்கிறார்கள். பல முறை கோட்டை விட்டிருக்கிறார்கள். அந்தக் கதைகளைப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில், பிரைமரி என்றால் என்ன?

நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் கட்சித் தலைமையகத்திலிருந்து வரும். யாருக்கு சீட், யாருக்கு இல்லை என்பதைத் தலைமை முடிவு செய்யும். அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைக் கட்சி ஆதரவாளர்களான மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்குத்தான் 'பிரைமரி' என்று பெயர். சில மாகாணங்களில் கூட்டம் கூட்டித் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு 'காகஸ்' என்று பெயர்.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எல்லா மாகாணங்களிலும் ஒரே நாளில் நடக்காது. ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி ஜூன் வரை, ஒவ்வொரு மாகாணமாக நடக்கும். முதல் இரண்டு, மூன்று மாகாணங்களில் ஜெயிப்பவருக்கு டி.வி-யில் முகம், நன்கொடையில் பணம், மக்களிடம் பேச்சு எல்லாம் கூடிவிடும். ஓடுகிற குதிரை மீதுதானே எல்லோரும் பந்தயம் கட்டுவார்கள்!

இரண்டு, ஓட்டுகள் நேரடியாகக் கணக்கில் வராது. அவை 'பிரதிநிதிகள்' என்ற எண்ணிக்கையாக மாறும். அந்தப் பிரதிநிதிகள் கட்சி மாநாட்டில் கூடி வேட்பாளரை அறிவிப்பார்கள். மொத்தப் பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் யார் கையில் இருக்கிறார்களோ அவர்தான் வேட்பாளர். ஓட்டைப் பிரதிநிதிகளாக மாற்றும் விதி கட்சிக்குக் கட்சி, மாகாணத்துக்கு மாகாணம் வேறு. சில இடங்களில், முதலில் வந்தவருக்கே மொத்தமும். சில இடங்களில் வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற பங்கு.

கூத்தே இந்த விதியில்தான் இருக்கிறது.

17 பேர் எதிர் ஒருவர்

2016 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில் களமிறங்கிய முக்கிய வேட்பாளர்கள் மட்டும் 17 பேர். அதில் ஒருவர், அதுவரை எந்தப் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்படாத தொழிலதிபர் டிரம்ப். 'இவர் எங்கே ஜெயிக்கப்போகிறார்' என்றுதான் மற்ற 16 பேரும் நினைத்தார்கள்.

அதனால் என்ன நடந்தது தெரியுமா? அவரை விட்டுவிட்டு, தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். 'டிரம்ப் எப்படியும் சரிந்துவிடுவார். அப்போது இரண்டாம் இடத்தில் நாம்தான் இருக்க வேண்டும்' என்பது ஒவ்வொருவரின் கணக்கு. முன்னாள் கவர்னர் ஜெப் புஷ்ஷின் அப்பா, அண்ணன் இருவருமே அதிபராக இருந்தவர்கள். அவரும் அவருடைய ஆதரவாளர்களும் சேர்ந்து திரட்டிய பணம் 10 கோடி டாலருக்கும் மேல். அதில் கோடிக்கணக்கான டாலர், மார்கோ ரூபியோவைத் தாக்கும் விளம்பரங்களுக்கே போனது. ரூபியோவும் புஷ்ஷும் ஒரே ஃபுளோரிடா மாகாணத்துக்காரர்கள்!

நியூ ஹாம்ப்ஷயரில் டிரம்ப்புக்குக் கிடைத்தது 35 சதவீதம். மீதி 65 சதவீதம் மற்றவர்களிடம் இருந்தது. ஆனால், ஜான் கேசிக், டெட் குரூஸ், புஷ், ரூபியோ என்று நான்கு பேர் ஆளுக்கு 10-லிருந்து 16 சதவீதம் வரை பிய்த்துக்கொண்டார்கள்.

அடுத்து தெற்கு கரோலினா. டிரம்ப் 32.5 சதவீதம். ரூபியோ 22.5. குரூஸ் 22.3. மூன்றில் ஒரு பங்கு ஓட்டுதான். ஆனால், மாகாணத்தின் 50 பிரதிநிதிகளும் டிரம்ப் கணக்கில் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் போட்ட ஓட்டுக்குக் கிடைத்த பிரதிநிதிகள், பூஜ்யம்!

வர்ஜீனியாவில் இன்னும் வேடிக்கை. டிரம்ப்புக்கும் ரூபியோவுக்கும் இடையே 3 சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. அங்கே கேசிக் வாங்கிய ஓட்டு 9 சதவீதத்துக்கும் மேல். 'ஓட்டுப் பிரிந்ததால் தோற்றோம்' என்று நம் ஊர் வேட்பாளர்கள் சொல்வார்களே, அதே கதைதான்.

மார்ச் 3-ம் தேதி, 2012-ல் கட்சியின் அதிபர் வேட்பாளராக இருந்த மிட் ராம்னி மேடையேறினார். 'டிரம்ப்பைத் தடுக்க வேண்டுமானால் ஃபுளோரிடாவில் ரூபியோவுக்குப் போடுங்கள், ஒஹையோவில் கேசிக்குக்குப் போடுங்கள்' என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அதாவது, அந்தந்த ஊரில் யார் பலசாலியோ அவர் பின்னால் திரளுங்கள் என்று.

ஒஹையோவில் கேசிக் ஜெயித்தார். ஒஹையோவில் உள்ள தங்கள் ஆதரவாளர்கள் கேசிக்குக்குப் போடலாம் என்று ரூபியோ தரப்பு சொன்னது. பதிலுக்கு ஃபுளோரிடாவில் கேசிக் தரப்பிலிருந்து அப்படி ஓர் உதவி வரவில்லை. ஃபுளோரிடாவில் ரூபியோ பெரிய வித்தியாசத்தில் தோற்று, அன்றிரவே விலகினார். ஒரே நாளில் 99 பிரதிநிதிகள் டிரம்ப் பக்கம் போனார்கள்.

ஏப்ரல் கடைசியில்தான் குரூஸும் கேசிக்கும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இந்தியானாவை குரூஸுக்கு விட்டுக்கொடுப்பது. ஓரிகன், நியூ மெக்ஸிகோ இரண்டையும் கேசிக்குக்கு விட்டுக்கொடுப்பது. அறிவித்த மறுநாளே, 'இந்தியானாவில் என் ஆதரவாளர்கள் எனக்கே ஓட்டுப் போடட்டும்' என்று கேசிக் சொல்லிவிட்டார். உடன்பாடு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மே 3-ம் தேதி இந்தியானாவில் டிரம்ப்புக்கு 53 சதவீதம் கிடைத்தது. அன்றிரவு குரூஸ் விலகினார். மறுநாள் கேசிக்.

மொத்த பிரைமரியிலும் டிரம்ப் வாங்கிய ஓட்டு 45 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. ஏப்ரலில் சொந்த ஊரான நியூயார்க்கில் ஜெயிக்கும் வரை, எந்த மாகாணத்திலும் அவர் 50 சதவீதத்தைத் தொட்டதே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் போன ஓட்டெல்லாம் 'டிரம்ப் எதிர்ப்பு' ஓட்டு இல்லை. குரூஸுக்கு ஓட்டுப் போட்ட பலருக்கு டிரம்ப்தான் இரண்டாவது விருப்பம். ஆகவே, அத்தனை பேரின் ஓட்டையும் கூட்டி 'அப்படியே ஒருவருக்கு விழுந்திருக்கும்' என்று கணக்குப் போட முடியாது. ஆனால், ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் மோதும் ஒரு போட்டி, காலாகாலத்தில் நடக்கவே இல்லை என்பது உண்மை.

மூன்றே நாளில் மாறிய காட்சி

நான்கு ஆண்டுகள் கழித்து, 2020. இந்த முறை ஜனநாயகக் கட்சி. முந்தி ஓடியவர் பெர்னி சாண்டர்ஸ். 'எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு' என்று பேசி, இளைஞர்களைக் கட்டிப்போட்டவர். நியூ ஹாம்ப்ஷயரில் முதலிடம். நெவாடாவில் அமோக வெற்றி.

நடுநிலைப் போக்குள்ள கட்சிக்காரர்களுக்குப் பயம் வந்துவிட்டது. 'இவர் வேட்பாளரானால் பொதுத் தேர்தலில் டிரம்ப் சுலபமாக ஜெயித்துவிடுவார்' என்று நினைத்தார்கள். ஆனால், அவர்கள் ஓட்டு ஜோ பைடன், பீட் புட்டிஜெஜ், ஏமி குளோபச்சார், மைக்கேல் புளூம்பெர்க் என்று சிதறிக் கிடந்தது. பைடனோ நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது இடம்! '2016 கதை மறுபடியுமா' என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள்.

பிப்ரவரி 29, தெற்கு கரோலினா. அங்கே ஜனநாயகக் கட்சி ஓட்டில் பாதிக்கு மேல் கறுப்பின மக்களுடையது. அவர்களின் மதிப்புக்குரிய தலைவர் ஜிம் கிளைபர்ன், தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு பைடனை ஆதரித்தார். பைடனுக்கு 48 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. சாண்டர்ஸுக்கு 20 சதவீதத்தை ஒட்டி. யார் பின்னால் திரள வேண்டும் என்பதை முதலில் சொன்னவர்கள் தலைவர்கள் அல்ல, அந்த ஊர் ஜனங்கள்தான்.

மார்ச் 1, ஞாயிறு இரவு. புட்டிஜெஜ் விலகினார். மார்ச் 2, திங்கள். குளோபச்சார் விலகினார். மறுநாள் அவருடைய சொந்த மாகாணமான மின்னசோட்டாவிலேயே பிரைமரி இருந்தது. ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் சொந்த ஊரில் ஒரு வெற்றியாவது கிடைத்திருக்கலாம். இருந்தும் விலகினார். அன்று மாலை டல்லஸ் நகரில் இருவரும் பைடனுக்கு ஆதரவு அறிவித்தார்கள்.

மார்ச் 3, 'சூப்பர் செவ்வாய்'. 14 மாகாணங்களில் ஒரே நாளில் தேர்தல். பைடன் 10-ல் ஜெயித்தார். குளோபச்சாரின் மின்னசோட்டாவும் அதில் ஒன்று. மறுநாள் புளூம்பெர்க் விலகினார். ஏப்ரல் 8-ம் தேதி சாண்டர்ஸ் விலகினார்.

2016-ல் ஆறு மாதம் பேசியும் நடக்காதது, 2020-ல் மூன்று நாளில் நடந்தது. வித்தியாசம் என்ன? தோற்பது உறுதி என்று தெரிந்ததும், 'நான் இல்லாவிட்டால் அவர்' என்று சொல்ல இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். அவ்வளவுதான்.

இதற்கும் ஒரு விலை இருந்தது. அமெரிக்காவில் தேர்தல் நாளுக்கு முன்பே தபாலில் ஓட்டுப் போட்டுவிடலாம். புட்டிஜெஜுக்கும் குளோபச்சாருக்கும் முன்கூட்டியே ஓட்டுப் போட்டிருந்த லட்சக்கணக்கானவர்கள், 'அடடா, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே' என்று கையைப் பிசைந்தார்கள். போட்ட ஓட்டைத் திரும்ப வாங்கவா முடியும்?

'இது கூட்டுச் சதி இல்லையா?'

சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் பலருக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு. 'எங்கள் ஆளை நேர்மையாக ஜெயிக்க முடியாமல், எல்லோரும் ஒன்றுசேர்ந்து கவிழ்த்துவிட்டார்கள்' என்பார்கள். 2016-ல் குரூஸ், கேசிக் உடன்பாட்டைப் பார்த்து டிரம்ப்பும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்.

இந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முந்துகிறவர் ஊர் ஊராக அலைந்து, ஒவ்வொரு ஓட்டாகச் சேர்த்தவர். நான்கு பேர் ஒரே ராத்திரியில் பேசி வைத்துக்கொண்டு கணக்கை மாற்றினால் வலிக்கத்தான் செய்யும்.

ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. தலைவர்கள் சொல்லலாம், கேட்பதா வேண்டாமா என்பது மக்கள் கையில். கேசிக், குரூஸ் உடன்பாட்டை இந்தியானா மக்கள் கண்டுகொள்ளவில்லை. புட்டிஜெஜ் சொன்னதை அவருடைய ஆதரவாளர்கள் பலரும் ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை. ரகசியமாகப் பேரம் பேசுவது வேறு. மேடையில் நின்று 'நான் இவரை ஆதரிக்கிறேன், ஏன் என்றால்...' என்று சொல்வது வேறு.

இந்தச் சிக்கலுக்கு ஒரு மாற்று வழியையும் சில மாகாணங்கள் முயன்று பார்த்தன. 2020-ல் அலாஸ்கா, ஹவாய், கான்சாஸ், வயோமிங் ஆகிய நான்கு மாகாணங்களில் ஜனநாயகக் கட்சி 'தரவரிசை ஓட்டு' முறையைக் கொண்டுவந்தது. முதல் விருப்பம் இவர், இரண்டாவது இவர், மூன்றாவது இவர் என்று சீட்டில் எண் போடலாம். உங்கள் ஆளுக்குப் போதிய ஓட்டு இல்லாவிட்டால், உங்கள் ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போய்விடும். பிடித்தவருக்கும் போட்ட மாதிரி ஆச்சு, ஓட்டும் வீணாகவில்லை.

லேட்டாக வந்த ஏ.பி.சி

ஒன்றுசேர்வது மட்டும் போதாது. நேரத்தில் சேர வேண்டும். இதற்குப் பழைய உதாரணம் 1976.

ஜார்ஜியாவின் முன்னாள் கவர்னர் ஜிம்மி கார்ட்டர், 'எந்த ஜிம்மி?' என்று கேட்கும் அளவுக்குத்தான் அப்போது அறிமுகமானவர். நிலக்கடலை விவசாயி. ஆரம்ப மாகாணங்களில் சீக்கிரமே வேலையைத் தொடங்கி, எதிராளிகள் பலராகப் பிரிந்து நின்றதால் முன்னுக்கு வந்தார். ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் விழித்துக்கொண்டபோது, 'ஏ.பி.சி' என்றொரு கோஷம் கிளம்பியது. 'எனிபடி பட் கார்ட்டர்'. அதாவது, கார்ட்டரைத் தவிர யாராயிருந்தாலும் சரி!

மார்ச் மாதத்தில் ஃபிராங்க் சர்ச், ஜெர்ரி பிரவுன் என்று இரண்டு புதியவர்கள் களமிறங்கினார்கள். நெப்ராஸ்காவில் சர்ச் ஜெயித்தார். மேரிலாந்தில் பிரவுன் ஜெயித்தார். கலிபோர்னியாவிலும் பிரவுனே. ஆனால் என்ன பயன்? தோற்ற மாகாணங்களிலும் தன் பங்குப் பிரதிநிதிகளை கார்ட்டர் சேர்த்துக்கொண்டே இருந்தார். ஜூன் 8-ம் தேதி ஒஹையோவில் அவர் ஜெயித்ததோடு கதை முடிந்தது. வருட முடிவில் அதிபர் தேர்தலிலும் அவரே ஜெயித்தார்.

'இவர் வேண்டாம்' என்பதில் எல்லோரும் ஒற்றுமை. 'அப்படியானால் யார்?' என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில். அதற்குள் பந்தி முடிந்து இலையை எடுத்துவிட்டார்கள்.

ஜெயிக்காமலே ஒரு அதிபரை அசைத்தவர்

இதுவரை பார்த்தது எல்லாம் வெற்றிக் கணக்கு. ஆனால், தோற்கிறவருக்குப் போடும் ஓட்டு வேறு ஒரு வேலையும் செய்யும். அதற்கு 1968-க்குப் போக வேண்டும்.

வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். அதிபர் லிண்டன் ஜான்சன் மறுபடி நிற்பார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பதவியில் இருக்கும் அதிபரை அவருடைய கட்சியிலேயே எதிர்ப்பதா? பெரிய தலைவர்கள் யாரும் துணியவில்லை. மின்னசோட்டாவின் செனட்டர் யூஜின் மெக்கார்த்தி மட்டும் 'நான் நிற்கிறேன்' என்றார்.

அவருக்காக வேலை செய்ய நியூ ஹாம்ப்ஷயருக்குக் கல்லூரி மாணவர்கள் கிளம்பி வந்தார்கள். நீள முடியும் தாடியுமாகப் போனால் கிராமத்துப் பெரியவர்கள் கதவைத் திறக்க மாட்டார்களே! முடி வெட்டி, தாடி மழித்து, நல்ல பிள்ளைகளாக வீடு வீடாகப் போனார்கள்.

மார்ச் 12-ம் தேதி முடிவு வந்தது. ஜான்சன் பெயர் சீட்டில் இல்லை, ஆதரவாளர்கள் கையால் எழுதித்தான் ஓட்டுப் போட்டார்கள். அப்படியும் அவருக்கு 49 சதவீதத்துக்கும் மேல். மெக்கார்த்திக்கு 42. கணக்குப்படி மெக்கார்த்தி தோற்றார். ஆனால், 24 பிரதிநிதிகளில் 20 பேர் மெக்கார்த்திக்குக் கிடைத்தார்கள். காரணம், ஜான்சன் பக்கம் பிரதிநிதியாக நிற்க ஆசைப்பட்டவர்கள் அதிகமாகி, அவர்களுக்குள்ளேயே ஓட்டுப் பிரிந்துவிட்டது. ஓட்டுப் பிரிவது முந்துகிறவரையும் விடாது பாருங்கள்!

நான்கு நாள் கழித்து ராபர்ட் கென்னடி களமிறங்கினார். மார்ச் 31-ம் தேதி ஜான்சன் டி.வி-யில் தோன்றி, 'நான் மறுபடி போட்டியிடப் போவதில்லை' என்று அறிவித்தார். ஒரே ஒரு சின்ன மாகாணத்தில், தோற்ற ஒருவருக்கு விழுந்த ஓட்டு அதற்கு முக்கியக் காரணமானது.

கதை சுபமாக முடியவில்லை. ஜூன் மாதம் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை, சிகாகோ மாநாட்டில் கட்சித் தலைகள் வேட்பாளராக்கினார்கள். வெளியே போலீஸ் தடியடி. நவம்பரில் குடியரசுக் கட்சியின் நிக்ஸன் ஜெயித்தார். ஆனால் அந்தக் கொந்தளிப்புதான், 'இனி வேட்பாளரை மக்கள் ஓட்டே முடிவு செய்யட்டும்' என்று கட்சி விதிகளை மாற்ற வைத்தது. 1972 முதல் பிரைமரிகள் இன்றுள்ள பலத்தைப் பெற்றன.

சொன்ன பேச்சைக் கேட்காததால்...

2024-க்கு வருவோம். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியில் முந்துகிறவர் என்ற பேச்சே இல்லை. அதிபர் பைடனே மறுபடி நிற்கிறார் என்று கட்சி முடிவு செய்துவிட்டது. 'அவருக்கு வயதாகிவிட்டது, வேறு ஒருவர் வரட்டும்' என்று வெளிப்படையாகச் சொல்லி எதிர்த்து நின்ற எம்.பி ஒருவரே ஒருவர், டீன் ஃபிலிப்ஸ். நியூ ஹாம்ப்ஷயரில் அவருக்கு 20 சதவீதத்தை ஒட்டி ஓட்டு விழுந்தது. அதற்கு மேல் நகரவில்லை. மார்ச் 6-ம் தேதி விலகினார். மிச்சிகனில் காஸா போர் விஷயத்தில் பைடன் மீது கோபமாக இருந்த ஒரு லட்சம் பேர், 'யாருக்கும் இல்லை' என்ற கட்டத்தில் குத்தினார்கள்.

ஜூன் 27-ம் தேதி டிரம்ப்புடன் டி.வி விவாதத்தில் பைடன் தடுமாறினார். ஃபிலிப்ஸ் மாதக்கணக்கில் சொன்னதையே கட்சி முழுவதும் அப்போது சொன்னது. ஜூலை 21-ம் தேதி பைடன் விலகினார். பிரைமரி எல்லாம் முடிந்துபோயிருந்ததால், மக்களிடம் போக நேரமில்லை. மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரத்தைத் தாத்தாவின் ஊராகக் கொண்ட கமலா ஹாரிஸ், பிரைமரி ஓட்டு வாங்காமலே வேட்பாளரானார். நவம்பரில் தோற்றார். 'முறையான உட்கட்சிப் போட்டி நடந்திருந்தால்...' என்ற விவாதம் அவர் கட்சியில் இன்னும் ஓயவில்லை.

குடியரசுக் கட்சியில் டிரம்ப்பை எதிர்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த விவேக் ராமசாமி, முதல் மாகாணமான அயோவாவோடு விலகி டிரம்ப் பக்கம் போனார். ஃபுளோரிடா கவர்னர் ரான் டிசான்டிஸும் அப்படியே. மிஞ்சியவர், பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகளான நிக்கி ஹேலி. நெவாடாவில் டிரம்ப் பெயர் இல்லாத ஒரு பிரைமரியில், நம்ம ஊர் 'நோட்டா' போன்ற 'இவர்களில் யாரும் இல்லை' என்ற கட்டத்திடமே தோற்றார்! ஆனாலும் அசரவில்லை. வாஷிங்டன் டி.சி-யில் ஜெயித்து, குடியரசுக் கட்சி அதிபர் பிரைமரி ஒன்றில் வென்ற முதல் பெண் ஆனார். வெர்மான்ட்டிலும் ஜெயித்தார்.

இப்போது, விலகியவருக்கு ஓட்டுப் போட்ட அந்தப் பென்சில்வேனியா ஒன்றரை லட்சம் பேரைப் பாருங்கள். 2020 பொதுத் தேர்தலில் அந்த மாகாணத்தில் பைடன் ஜெயித்தது சுமார் 80,000 ஓட்டு வித்தியாசத்தில்தான். அதனால்தான் இரண்டு கட்சிகளும் அந்த எண்ணை உற்றுப் பார்த்தன. அவர்களை இழுக்க ஹாரிஸ், குடியரசுக் கட்சியின் லிஸ் செனியையே மேடையேற்றினார். அப்படியும் நவம்பரில் பென்சில்வேனியா டிரம்ப்புக்கே போனது. ஓட்டு மூலம் சொல்லும் சேதி போய்ச் சேரும். அதன்படி நடப்பார்களா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அப்படியானால் என்னதான் செய்வது?

இத்தனை கதைகளையும் சேர்த்துப் பார்த்தால், அப்படி ஓர் இடத்தில் நிற்கும் வாக்காளர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள நான்கு கேள்விகள் கிடைக்கின்றன.

இது எந்தக் கட்டம்? முதல் இரண்டு, மூன்று மாகாணங்கள் என்றால் மனசுக்குப் பிடித்தவருக்கே போடலாம். யாருக்கு எவ்வளவு பலம் என்பது அப்போதுதான் தெரியும். சூப்பர் செவ்வாய் நெருங்கிவிட்டால் கணக்குப் பார்க்க வேண்டும்.

விதி என்ன? ஜெயித்தவருக்கே மொத்தமும் என்றால், இரண்டாம் இடத்தில் இருப்பவர் பின்னால் திரள்வது புத்திசாலித்தனம். ஓட்டுக்கு ஏற்ற பங்கு என்றால் அவ்வளவு அவசரமில்லை. ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதம் என்றொரு வாசல்படி உண்டு. அதைத் தாண்டாதவருக்குப் பிரதிநிதிகள் கிடைக்க மாட்டார்கள்.

'வேண்டாம்' மட்டுமா, 'வேண்டும்' உண்டா? கார்ட்டரை எதிர்த்தவர்களும், 2016-ல் டிரம்ப்பை எதிர்த்தவர்களும் சறுக்கியது இங்கேதான். யாரை வேண்டாம் என்று சொல்லிக் கூட்டம் சேர்க்கலாம். யார் வேண்டும் என்று சொல்லாமல் ஜெயிக்க முடியாது.

தோற்றாலும் இந்த ஓட்டு எதையாவது சொல்லுமா? போர் வேண்டாம், வயதைக் கவனியுங்கள், எங்களையும் மதியுங்கள். இப்படி ஒரு சேதி இருந்தால், தோற்பவருக்குப் போடும் ஓட்டும் வீண் இல்லை. 1968-ல் அது ஓர் அதிபரையே விலக வைத்தது. 2024-ல் கேட்கப்படாமல் போய், பிறகு கட்சியே வருத்தப்பட்டது.

2028-க்கான அமெரிக்க பிரைமரிகள் தொடங்கும்போது, இரண்டு கட்சிகளிலும் புதுப்புது முகங்கள் வரிசை கட்டி நிற்கும். 'இன்னார் 30 சதவீதத்துடன் முன்னணி' என்று உங்கள் செல்போனில் செய்தி வரும். அப்போது முதல் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், கீழே இருப்பவர்களின் எண்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். அவர்களில் யார் விட்டுக்கொடுக்கப் போகிறார், யார் கடைசிவரை அடம்பிடிக்கப் போகிறார் என்பதைப் பொறுத்துத்தான் மேலே இருப்பவரின் தலையெழுத்து முடிவாகும்.